நூற்றில் எத்தனை பேர்? – கேள்வி பதில்

கே: எனக்கு மார்பகப் புற்றுநோய் வருமா, வராதா? முன்கூட்டியே சொல்ல ஏதாவது வழி உண்டா?
– இல்லத்தரசி, திருச்சி

ப: உங்களுக்கு வருமா என்று சொல்ல வழியில்லை. உங்களைப் போன்ற ஆயிரம் பெண்களில் எத்தனை பேருக்கு வரும் என்று சொல்ல வழியுண்டு, அதுவும் நன்றாகவே. அந்த ஆயிரத்தில் நீங்கள் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பதுதான் பிடிபடாத ரகசியம். இத்துறையின் ஆராய்ச்சி மொத்தமும் அந்தக் கூட்டத்தைச் சின்னதாக்கும் முயற்சிதான்.

கே: இந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்த புண்ணியவான் யார்?
– கல்லூரி மாணவி, கோவை

ப: மிட்செல் கேல். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் புள்ளியியல் நிபுணர். 1970-களில் அந்த நாட்டில் சுமார் 2,80,000 பெண்களுக்கு ஆண்டுதோறும் மேமோகிராம் எடுத்த திட்டம் ஒன்று நடந்தது. அந்தத் தரவிலிருந்து கேல் குழு 1989-ல் சில கேள்விகளைப் பொறுக்கி எடுத்தது.

இப்போது என்ன வயது? எந்த வயதில் பெரியவள் ஆனீர்கள்? முதல் பிள்ளை எப்போது? அம்மா, அக்கா தங்கை, மகள் யாருக்காவது வந்ததா? மார்பில் பயாப்ஸி எடுத்ததுண்டா, எத்தனை தடவை? பதில்களைப் போட்டால் அடுத்த ஐந்து ஆண்டுக்கு ஒரு சதவீதம் வரும். ஊசி இல்லை, ஸ்கேன் இல்லை, செலவும் இல்லை. இத்தனை எளிமைதான் அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது.

கே: எத்தனை சதவீதம் வந்தால் பயப்பட வேண்டும்?
– வங்கி ஊழியர், மதுரை

ப: பயப்பட எந்த எண்ணும் இல்லை. டாக்டரிடம் பேச வேண்டிய எண் ஒன்று உண்டு: 1.67. அறுபது வயது அமெரிக்கப் பெண்ணின் சராசரி ஐந்தாண்டு அபாயம் அது. 1998-ல் டமாக்சிஃபென் மாத்திரையைத் தடுப்பு மருந்தாக அனுமதித்தபோது அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அங்கேதான் கோடு போட்டது.

1.67 சதவீதம் என்றால் அறுபது பெண்களில் ஒருவர். மீதி 59 பேர் அந்த ஐந்தாண்டும் இந்த நோயைப் பார்க்காமலே கடந்துவிடுவார்கள். 'ஹை ரிஸ்க்' என்ற இரண்டு சொல்லைக் கேட்டுவிட்டுத் தூக்கம் கெடும் பெண்களுக்கு இந்த 59-ஐ யாராவது சொல்ல வேண்டும். சொல்லிவிட்டேன்.

கே: வராத நோய்க்கு மாத்திரையா?
– ஓய்வு பெற்ற தாசில்தார், தஞ்சாவூர்

ப: ரத்தக்கொதிப்புக்குச் சாப்பிடுகிறீர்களே, அது வராத பக்கவாதத்துக்குத்தானே?

1992-ல் தொடங்கிய சோதனையில் அபாயம் கூடிய 13,388 பெண்களில் பாதிப் பேர் டமாக்சிஃபென், பாதிப் பேர் வெற்று மாத்திரை சாப்பிட்டார்கள். மருந்து சாப்பிட்டவர்களுக்குப் பரவும் வகைப் புற்று ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஆனால் கருப்பைப் புற்றும் ரத்த உறைவும் கொஞ்சம் கூடின. யாருக்கு லாபம் அதிகம், யாருக்கு நஷ்டம் அதிகம் என்று பிரிக்கத்தான் அபாயக் கணக்கே வேண்டியிருக்கிறது.

இத்தாலியில் வழக்கமான 20 மில்லிகிராமுக்குப் பதிலாக வெறும் 5 மில்லிகிராம் கொடுத்து, புற்றுக்கு முந்தைய மாற்றங்கள் உள்ள பெண்களிடம் நல்ல பலன் கண்டார்கள். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு அனஸ்ட்ரசோல் என்ற இன்னொரு மாத்திரை. பிரிட்டன் 2023 நவம்பரில் அதைத் தடுப்புக்கு அனுமதித்தது.

கே: டமாக்சிஃபென் கருத்தடை மாத்திரையாமே?
– மருந்துக்கடைக்காரர், ஈரோடு

ப: ஆக வேண்டும் என்றுதான் தயாரித்தார்கள். 1962-ல் பிரிட்டனின் ஐ.சி.ஐ. கம்பெனியில் டோரா ரிச்சர்ட்சன் என்ற வேதியியலாளர் உருவாக்கினார். எலிகளுக்குக் கருத்தடையாக வேலை செய்தது. பெண்களுக்கோ, கரு தரிக்க உதவியது! கைவிட்டிருப்பார்கள், நல்லவேளை, புற்றுநோய்க்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

கே: கேல் கணக்கு எந்த அளவுக்குச் சரி?
– கணித ஆசிரியர், விருதுநகர்

ப: நீங்கள் கேட்டால் இரண்டாகப் பிரித்துத்தான் பதில் சொல்ல வேண்டும். எத்தனை பேருக்கு வரும்? யாருக்கு வரும்?

2001-ல் அமெரிக்க நர்சுகள் பல்லாயிரம் பேரின் பதிவுகளை வைத்துச் சோதித்தார்கள். எத்தனை பேர் என்பதில் கேல் கணக்கு கிட்டத்தட்டக் குறி தப்பவில்லை. அடுத்த சோதனை: நோய் வந்த ஒருத்தி, வராத ஒருத்தி, இருவரையும் ஜோடியாக நிறுத்தி, யாருக்குக் கணக்கு அதிக மதிப்பெண் போட்டிருக்கிறது என்று பார்ப்பது. நூறு ஜோடியில் 58 முறை சரி.

காசைச் சுண்டினாலே 50.

கே: எங்கள் ஜோசியர் இதைவிட நன்றாகச் சொல்வார்.
– வாசகர், சேலம்

ப: தப்பிப்போன பலன்களை எண்ணி அச்சடித்துக் கொடுத்த ஜோசியர் ஒருவரைக் காட்டுங்கள். 58 என்று ஊருக்குச் சொன்னது அதே ஆராய்ச்சி உலகம்தான். அங்கேதான் என் நம்பிக்கை.

கே: எங்கள் வம்சத்தில் யாருக்கும் கேன்சர் இல்லை. நான் நிம்மதியாக இருக்கலாமா?
– ஆசிரியை, கும்பகோணம்

ப: நிம்மதியாக இருங்கள், பரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள். மார்பகப் புற்றில் பரம்பரை மரபணுக் கோளாறால் வருவது நூற்றில் ஐந்து முதல் பத்துதான். பெண் என்பதையும் வயதையும் தவிர வேறு எந்தக் குறிப்பான காரணியும் இல்லாதவர்களுக்கே ஏறக்குறைய பாதி நோய் வருகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2022-ல் மட்டும் உலகில் 23 லட்சம் பெண்களுக்குக் கண்டறிந்தார்கள். இத்தனை பேருக்கும் 'வம்சம்' காரணமாக இருந்திருந்தால் ஆராய்ச்சி என்றோ முடிந்திருக்கும்.

கே: அப்பாவின் அக்காவுக்கும் அப்பாவின் அம்மாவுக்கும் வந்தது. இது எனக்கு எண்ணப்படுமா?
– ஐ.டி. ஊழியர், சென்னை

ப: கேல் கணக்கில் எண்ணப்படாது! அது அம்மா, சகோதரி, மகள் மூவரோடு நின்றுவிடும். அத்தையைக் கூப்பிடாமல் நடத்திய கல்யாணம் அது. பிரச்சினை வராமல் இருக்குமா?

கோளாறான ஜீன் அப்பாவிடம் இருந்தாலும் மகளுக்கு வர அதே சரிபாதி வாய்ப்பு. அப்பாவுக்கு எதுவும் வராமலே போகலாம். ஜீன் சத்தமில்லாமல் கடந்து போகும். எலிசபெத் கிளாஸ் குழு 1990-களில் தூரத்து உறவுகளைக் கணக்கில் சேர்த்தது. 2004-ல் லண்டனில் டைரர், டஃபி, கஸிக் மூவரும் அத்தை, பாட்டி, ஹார்மோன் மாத்திரை, உடல் எடை எல்லாவற்றையும் போட்டுப் புதிதாகக் கட்டினார்கள். கேம்பிரிட்ஜின் 'கேன்ரிஸ்க்' முழு வம்சாவளியையும் வாங்கிக்கொள்ளும். உங்களுக்கு இவற்றில் ஒன்றைத்தான் பார்க்கச் சொல்ல வேண்டும். டாக்டர் அம்மா பக்கம் மட்டும் கேட்டால், கேட்காமலே அப்பா பக்கத்தையும் சொல்லுங்கள்.

கே: இது பரம்பரையாக வரலாம் என்று எப்போது தெரிந்தது?
– நர்ஸ், நாகர்கோவில்

ப: 1866-ல் பிரெஞ்சு டாக்டர் பால் ப்ரோக்கா தன் மனைவியின் குடும்பத்தை நாலு தலைமுறைக்கு எழுதி வெளியிட்டார். பெண்களுக்கு வரிசையாக மார்பகப் புற்று. மூளையில் பேச்சுக்கான இடத்தைக் கண்டுபிடித்த அதே ப்ரோக்காதான். ஜீன் எங்கே இருக்கிறது என்று தெரிய இன்னும் 124 வருடம் ஆயிற்று.

கே: அந்த ஜீனைக் கண்டுபிடித்தது யார்?
– அதே நர்ஸ், அதே நாகர்கோவில்

ப: விடமாட்டீர்கள் போலிருக்கிறது. மேரி-க்ளேர் கிங், பெர்க்லி. மார்பகப் புற்று மாதிரிச் சிக்கலான நோய்க்கு ஒற்றை ஜீன் காரணமாக இருக்க முடியாது என்று பெரிய தலைகள் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் ஒன்றரைப் பத்தாண்டுக்கு மேல் தேடினார். 1990-ல் அது 17-ஆம் குரோமோசோமில் இருக்கிறது என்று அறிவித்தார். பி.ஆர்.சி.ஏ.1 என்று பெயர். அறிவித்ததும் உலகமே அங்கே ஓடியது. 1994-ல் முழு ஜீனையும் கைப்பற்றியது அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக் குழு. கைப்பற்றிய கையோடு காப்புரிமைக்கும் விண்ணப்பித்துவிட்டார்கள்.

கே: நம் உடம்பில் இருக்கும் ஜீனுக்கு இன்னொருவன் உரிமை கொண்டாட முடியுமா?
– வழக்கறிஞர், திருநெல்வேலி

ப: பல வருடம் கொண்டாடினான். மிரியட் ஜெனடிக்ஸ் என்ற கம்பெனி. அமெரிக்காவில் வேறு யாரும் அந்தச் சோதனையைச் செய்ய முடியாது, கட்டணம் 3,000 டாலருக்கு மேல். 2013 ஜூன் 13 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள்: இயற்கை செய்ததற்குக் காப்புரிமை கிடையாது. அன்றே வேறு லேப்கள் சோதனையை அறிவித்தன. பின்பு விலை சில நூறு டாலருக்கு இறங்கியது. புற்றுநோய் ஆராய்ச்சியில் நீதிமன்றத்துக்கும் ஒரு பங்கு உண்டு என்பதில் உங்களைப் போலவே எனக்கும் மகிழ்ச்சி.

கே: ஏஞ்சலினா ஜோலி நோய் வரும் முன்பே மார்பகங்களை எடுத்துவிட்டாரே, அவசரப்பட்டாரா?
– வாசகி, பாண்டிச்சேரி

ப: இல்லை. பி.ஆர்.சி.ஏ.1 மாற்றம் இருந்தது. அம்மா 56 வயதில் புற்றுக்குப் பலியானவர். தனக்கு 87 சதவீத அபாயம் என்று டாக்டர்கள் சொன்னதாக 2013 மே மாதம் எழுதினார். அவருக்கு அது கூட்டத்தைப் பற்றிய எண் இல்லை, அம்மாவைப் பற்றிய எண்.

87 எப்படி வந்தது தெரியுமா? ஆரம்பத்தில் ஆராய்ந்ததெல்லாம் வீடு நிறைய நோய் இருந்த குடும்பங்களை. அங்கே எண் ஏறத்தான் செய்யும். பிறகு ஆயிரக்கணக்கான பெண்களை வருடக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வு 2017-ல் சொன்னது: 80 வயதுக்குள் பி.ஆர்.சி.ஏ.1-க்கு 72, அதைப் போன்ற இன்னொரு ஜீனான பி.ஆர்.சி.ஏ.2-க்கு 69. எண் குறைந்தது, ஆனால் நூற்றில் 72 என்பது யாரையும் யோசிக்க வைக்கும். அறுவைக்குப் போகிறவரையும், போகாமல் வருடாவருடம் எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொள்கிறவரையும் ஒரே மரியாதையோடு பார்க்கிறேன்.

கே: ஜீன் டெஸ்ட் எடுத்தேன். 'நெகட்டிவ்'. ஸ்வீட் கொடுக்கலாமா?
– வாசகி, ஓசூர்

ப: ஒரே ஒரு கேள்விக்குப் பிறகு. உங்கள் குடும்பத்தில் நோய் வந்தவருக்கு இன்ன கோளாறு என்று முன்பே கண்டுபிடித்து, அது உங்களிடம் இல்லையா? கொடுங்கள், எனக்கும் ஒன்று. நோய் வந்தவரைச் சோதிக்கவே இல்லையா? அப்படியானால் தேடிய இடத்தில் இல்லை என்பதே சேதி. தேடாத இடம் நிறைய இருக்கிறது.

கே: ரிப்போர்ட்டில் 'முக்கியத்துவம் தெரியாத மாற்றம்' என்று போட்டிருக்கிறார்கள். இது என்ன பதில்?
– வாசகி, கடலூர்

ப: நேர்மையான பதில். ஜீனில் ஒரு எழுத்து மாறியிருக்கிறது. அது நோயா, வெறும் அங்க அடையாளமா என்று இன்னும் யாருக்கும் தெரியாது. இதை நம்பி எந்த அறுவைக்கும் போகக் கூடாது. நம்மவர்களுக்கு இந்த வரி அதிகம் வருவதற்குக் காரணம், இதுவரை சோதிக்கப்பட்டவர்களில் நம்மவர்கள் குறைவு. சோதனை பெருகப் பெருக இந்த மாற்றங்களில் பெரும்பாலானவை 'ஒன்றுமில்லை' பட்டியலுக்குப் போகின்றன. ரிப்போர்ட்டைப் பத்திரப்படுத்துங்கள், இரண்டொரு வருடம் கழித்து மறுபடி கேளுங்கள்.

கே: மரபணு என்றால் பி.ஆர்.சி.ஏ. மட்டும்தானா?
– ஆய்வு மாணவர், காரைக்குடி

ப: இல்லை. பி.ஏ.எல்.பி.2, ஏ.டி.எம்., செக்2 என்று அடுத்த வரிசை இருக்கிறது. அதற்கும் கீழே டி.என்.ஏ. முழுக்கச் சிதறிக் கிடக்கும் ஒற்றை எழுத்து மாற்றங்கள். ஒவ்வொன்றும் அபாயத்தை இம்மியளவு ஏற்றும் அல்லது இறக்கும். 2019-ல் கேம்பிரிட்ஜ் தலைமையிலான குழு இப்படி 313 இடங்களைக் கூட்டி ஒரு மதிப்பெண் போட்டது. உச்சியில் இருக்கும் ஒரு சதவீதப் பெண்களுக்கு வாழ்நாள் அபாயம் ஏறக்குறைய மூன்றில் ஒன்று. நம் காசு சுண்டும் சோதனையில் இதற்கு 63. தனியாகப் பார்த்தால் சுமார். குடும்ப வரலாறோடும் மேமோகிராமோடும் சேர்த்தால் பலம்.

கே: அதெல்லாம் வெள்ளைக்காரப் பெண்களின் டி.என்.ஏ. எங்களுக்குப் பொருந்துமா?
– வாசகி, கிள்ளான், மலேசியா

ப: இந்த மாதத்தின் சிறந்த கேள்வி. அந்த 313 இடங்களும் ஐரோப்பிய வம்சத்துப் பெண்களிடம் தேர்ந்தவை. ஆப்பிரிக்க வம்சத்துப் பெண்களிடம் அதே மதிப்பெண் நன்றாகவே தடுமாறியது. பரிசோதிக்கப்படாதவள் பரிசோதனையின் பலனையும் பெறமாட்டாள் என்ற அநியாயம் இந்தத் துறையின் அடிமடியில் இருக்கிறது.

ஆனால் உங்கள் ஊர்க்காரர்கள் சும்மா இல்லை. பக்கத்து சுபாங் ஜெயாவிலும் மலாயாப் பல்கலைக்கழகத்திலும் சீன, மலாய், இந்தியப் பெண்களின் ரத்தத்தைச் சேர்த்து வைத்தார்கள். அதில் தமிழ்ப் பெண்களும் உண்டு. அதையும் ஆசியாவின் பிற நாட்டு மாதிரிகளையும் வைத்து 2020-ல் பார்த்தார்கள். மதிப்பெண் ஆசியப் பெண்களுக்கும் வேலை செய்கிறது, சற்றே மங்கலாக. அந்த மங்கலைத் துடைக்க இன்னும் நிறையப் பெண்கள் கை நீட்ட வேண்டும்.

கே: இந்தியப் பெண்ணுக்கு என்று கேல் கணக்கில் இடம் இருக்கிறதா?
– வாசகி, வேலூர்

ப: 2011-ல் ஆசிய அமெரிக்கர்களுக்கு என்று திருத்தினார்கள். சீனர், ஜப்பானியர், ஃபிலிப்பினோ, ஹவாய்க்காரர் எல்லோருக்கும் தனித்தனிக் கட்டம். நமக்கு? 'பிற ஆசியர்'. இத்தனை கோடிப் பேரையும் 'மற்றவை' என்ற கட்டத்துக்குள் திணித்துவிட்டார்கள்.

இது விளையாட்டான குறையும் இல்லை. இந்தியாவில் இந்த நோயின் விகிதம் அமெரிக்காவைவிடக் குறைவு. வருகிறவர்களோ சராசரியில் ஏறக்குறைய பத்து வயது இளையவர்கள். அமெரிக்க எண்ணை அப்படியே போட்டால் மொத்தத்தில் அதிகமாகவும் இளம் பெண்ணுக்குத் தப்பாகவும் சொல்லக்கூடும். நமக்கான கணக்குக்கு முதல் தேவை நம் எண்ணிக்கை. சென்னையில் அடையாறு புற்றுநோய் நிறுவனம் 1982 முதல் யாருக்கு, என்ன வயதில், எந்தப் புற்று என்று விடாமல் எண்ணி வருகிறது. கருப்பைவாய்ப் புற்று முதலிடத்திலிருந்து இறங்கி மார்பகப் புற்று ஏறியது அந்தப் பதிவேட்டால்தான் நமக்குத் தெரியும். இந்த வேலைக்குக் கைத்தட்டல் கிடைப்பதில்லை. நான் தட்டுகிறேன்.

கே: பிள்ளை பெறுவதற்கும் மார்பகப் புற்றுக்கும் சம்பந்தம் இருக்கிறதென்று யார் கண்டது?
– பேராசிரியை, சிதம்பரம்

ப: பதினெட்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் இத்தாலிய டாக்டர் ரமாஸினி, கன்னியாஸ்திரீகளுக்கு இந்த நோய் அதிகம் என்று எழுதினார். ஏன் என்று அவருக்குத் தெரியவில்லை.

1926-ல் பிரிட்டனின் ஜேனட் லேன்-க்ளேபன் நோய் வந்த 500 பெண்களையும் வராத 500 பெண்களையும் வைத்து ஒரே கேள்விகளைக் கேட்டார். எப்போது திருமணம்? எத்தனை பிள்ளை? பாலூட்டினீர்களா? இன்று கேல் கேட்கும் கேள்விகளின் வேர் அங்கே இருக்கிறது. நோய் வந்தவரையும் வராதவரையும் ஒப்பிடும் நவீன ஆய்வு முறைக்கே அது முன்னோடி. தாமதத் திருமணம் அபாயத்தைக் கூட்டுகிறது என்று கண்ட அந்த அம்மையார் 1929-ல் திருமணம் செய்துகொண்டார். மணமான பெண்ணுக்கு அரசுப் பணி இல்லை என்ற அந்தக் கால விதி, அவர் ஆராய்ச்சியை அத்தோடு முடித்துவிட்டது. எத்தனை ஆய்வுகளை இழந்தோமோ!

கே: தாய்ப்பால் கொடுத்தால் வராதாமே?
– இளம் தாய், திண்டுக்கல்

ப: வராது என்பது மிகை; குறையும் என்பது உண்மை. 30 நாடுகளின் 47 ஆய்வுகளைக் கூட்டிய அலசல் ஒன்று 2002-ல் சொன்னது: பாலூட்டும் ஒவ்வொரு பன்னிரண்டு மாதத்துக்கும் அபாயம் 4.3 சதவீதம் குறைகிறது; ஒவ்வொரு பிரசவத்துக்கும் தனியாக 7 சதவீதம். பிள்ளை இல்லாத பெண்ணிடம் இந்த எண்ணைத் தூக்கிக்கொண்டு போகிறவர் மட்டும் என் கண்ணில் படக் கூடாது.

கே: தினம் ஒரே ஒரு கிளாஸ் ஒயின்...
– வாசகி, பெங்களூரு

ப: 'ஒரே ஒரு' என்று எழுதும்போதே விடை தெரிந்திருக்கிறது. தினமும் 10 கிராம் ஆல்கஹால் அபாயத்தை 7 சதவீதம் கூட்டும். பயங்கரமாகக் கேட்கிறதா? வேறு விதமாகச் சொல்கிறேன்: குடிக்காத பெண்கள் நூறு பேரில் 80 வயதுக்குள் 8.8 பேருக்கு வருமென்றால், தினம் ஒன்று குடிப்பவர்களில் 9.4 பேருக்கு. இரண்டும் ஒரே உண்மைதான். 'இத்தனை சதவீதம் கூடும்' என்று படித்தால் எதிலிருந்து எதற்கு என்று உடனே கேளுங்கள். பதில் சொல்லாத செய்தியை மடித்து வைத்துவிடலாம்.

கே: கறுப்பு பிரா, இறுக்கமான பிரா, கம்பி வைத்த பிரா?
– மூன்று தோழிகள், மதுரை

ப: மூவருக்கும் சேர்த்து: இல்லை. 2014-ல் சியாட்டிலில் ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளிடம் அளவு, கம்பி, ஒரு நாளில் எத்தனை மணி நேரம் எல்லாம் கேட்டுப் பார்த்தார்கள். சம்பந்தமில்லை. நிறத்தை அவர்கள் கேட்கவே இல்லை. கேட்கக் காரணமும் இல்லை.

கே: நான் ஐந்தடி எட்டங்குலம். உயரமான பெண்களுக்கு அதிகம் என்கிறார்களே?
– கூடைப்பந்து வீராங்கனை, சென்னை

ப: சற்று அதிகம், உண்மைதான். குனிந்து நடந்தால் குறையாது. நிமிர்ந்து விளையாடுங்கள், உடற்பயிற்சி அபாயத்தைக் குறைக்கும் பட்டியலில் இருக்கிறது.

கே: கணவர் இறந்த துக்கத்தில்தான் அம்மாவுக்கு வந்தது என்று உறவினர்கள் சொல்கிறார்கள்.
– மகள், தூத்துக்குடி

ப: பழைய ரோமில் கேலன் என்ற வைத்தியரும், சோகக் குணமுள்ள பெண்களுக்கு அதிகம் வரும் என்றார். 1,06,000 பிரிட்டிஷ் பெண்களிடம் கேட்டு 2016-ல் வெளியான ஆய்வில் மன உளைச்சலுக்கும் இந்த நோய்க்கும் நிலையான தொடர்பு எதுவும் தெரியவில்லை. அம்மாவை யாரும் குற்றம் சொல்ல வேண்டாம். அவர் அழுதது அழ வேண்டியதற்காக.

கே: மேமோகிராம் ரிப்போர்ட்டில் 'அடர்த்தியான மார்பகம்' என்று இருக்கிறது. தொட்டால் அப்படித் தெரியவில்லையே?
– வாசகி, அம்பத்தூர்

ப: தொட்டுப் பார்த்துத் தெரியாது, படத்தில் மட்டுமே தெரியும். கொழுப்பு கறுப்பாகவும் சுரப்பித் திசு வெள்ளையாகவும் விழும். கட்டியும் வெள்ளை. எனவே அடர்த்தி இரண்டு விதத்தில் படுத்துகிறது: கட்டியை ஒளிக்கிறது, அபாயத்தையும் ஏற்றுகிறது.

1976-ல் டெட்ராய்ட் டாக்டர் ஜான் வோல்ஃப் இதைச் சொன்னபோது பலர் நம்பவில்லை. 2007-ல் டொரோண்டோவின் நார்மன் பாய்ட் குழு அளந்தது: முக்கால் பாகம் அடர்த்தி உள்ளவர்களுக்கு, பத்தில் ஒரு பங்கும் இல்லாதவர்களைவிட 4.7 மடங்கு.

இதைப் பெண்களிடம் சொல்லும் பழக்கம் எப்படி வந்தது? கனெக்டிகட் மாநிலத்தின் நான்சி கப்பெல்லோ வருடாவருடம் மேமோகிராம் எடுத்தவர். எல்லாம் நார்மல். 2004-ல் நார்மல் என்று வந்த சில வாரத்திலேயே முற்றிய புற்று. அடர்த்தியானது என்று டாக்டர்களுக்குத் தெரியும், அவருக்குத்தான் சொல்லவில்லை. அவர் சட்டசபையின் கதவைத் தட்டினார். 2009-ல் கனெக்டிகட் சட்டம் போட்டது, மாநிலம் மாநிலமாகப் பரவியது. 2024 செப்டம்பர் 10 முதல் அமெரிக்கா முழுக்க ரிப்போர்ட்டில் இதை எழுதியே தீர வேண்டும். பார்க்க அவர் இல்லை, 2018-ல் காலமானார். உங்கள் ரிப்போர்ட்டின் அந்த வரிக்காக ஒரு பெண் பல வருடம் போராடியிருக்கிறார். படித்துவிட்டு, அல்ட்ராசவுண்ட் வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

கே: ஏ.ஐ. வந்து எல்லாவற்றையும் புரட்டிப் போட்டுவிட்டதாமே?
– பொறியியல் மாணவர், கோவை

ப: இங்கே கொஞ்சம் புரட்டித்தான் இருக்கிறது. எம்.ஐ.டி.யின் கணினிப் பேராசிரியை ரெஜினா பார்ஸிலாய்க்கு 2014-ல் மார்பகப் புற்று வந்தது. ஆஸ்பத்திரிகள் இத்தனை படம் எடுத்து வைத்துக்கொண்டு இவ்வளவு சொற்பமாகக் கணிப்பதைக் கண்டு திகைத்தார். குணமாகி வந்து, மாணவர் ஆடம் யாலாவோடு 'மிராய்' என்ற நிரலை உருவாக்கினார். அது மேமோகிராம் படத்தையே படிக்கிறது. இன்று கட்டி இருக்கிறதா என்று அல்ல, அடுத்த ஐந்து ஆண்டில் வர எவ்வளவு வாய்ப்பு என்று சொல்கிறது.

2021-ல் பாஸ்டன், ஸ்வீடன், தைவான் மூன்று இடத்துப் படங்களிலும் சோதித்தார்கள். நம் காசு சுண்டும் கணக்கில் 76, 81, 79. 58-லிருந்து இது பெரிய தாண்டல். 2025-ல் இதே வழியில் வந்த 'க்ளாரிட்டி' என்ற இன்னொரு நிரலை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அனுமதித்தது.

கே: படத்தில் அது எதைப் பார்க்கிறது?
– அதே மாணவர்

ப: எழுதியவர்களுக்கே முழுதாகத் தெரியாது. கண்டுபிடிக்க ஆள் தேவை. படித்து முடித்ததும் சொல்லி அனுப்புங்கள்.

கே: பேசாமல் இருபது வயதிலிருந்து எல்லோருக்கும் வருடாவருடம் மேமோகிராம் எடுத்துவிட்டால் கணக்கே வேண்டாமே?
– கவுன்சிலர், திருப்பூர்

ப: நல்ல மனசு, தப்பான யோசனை. இளம் மார்பகம் அடர்த்தியானது, படம் வெளுத்துப்போகும். நோய் அரிது, பொய் எச்சரிக்கை ஏராளம். ஒவ்வொரு பொய் எச்சரிக்கைக்கும் ஒரு ஊசி, ஒரு மாதத் தூக்கம்.

அதற்கு மாற்றுத்தான் இப்போது சோதனையில் இருக்கிறது. கலிஃபோர்னியாவின் லாரா எஸ்ஸர்மன் 2016-ல் தொடங்கிய 'விஸ்டம்', ஐரோப்பாவில் 50,000-க்கும் மேற்பட்ட பெண்கள் சேர்ந்த 'மைபெப்ஸ்'. அபாயம் குறைந்தவருக்கு நாலு வருடத்துக்கு ஒரு தடவை, நடுத்தரத்துக்கு இரண்டு, உயர்ந்தவருக்கு வருடாவருடம், உச்சத்தில் எம்.ஆர்.ஐ.யும் சேர்த்து என்பது ஐரோப்பியத் திட்டம். வயதை மட்டும் பார்த்து எல்லாருக்கும் ஒரே சீட்டு எழுதும் காலம் போகட்டும் என்பதே என் ஆசை.

கே: மேமோகிராம் மெஷினே இல்லாத ஊரில் இருக்கிறோம். நாங்கள் என்ன செய்ய?
– கிராம சுகாதார செவிலியர், தர்மபுரி

ப: உங்கள் கை இருக்கிறது. மும்பை டாடா நினைவு மருத்துவமனை ஒன்றரை லட்சம் பெண்களை இருபது வருடம் தொடர்ந்தது. பத்தாம் வகுப்பு படித்த பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, இரண்டு வருடத்துக்கு ஒரு முறை கையால் மார்பகத்தைப் பரிசோதிக்க வைத்தார்கள். 2021-ல் வந்த முடிவு: மொத்தத்தில் உறுதியாகச் சொல்லும் அளவு மரணம் குறையவில்லை, ஆனால் ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களில் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. மெஷின் வரும்வரை உங்கள் விரல்களை நம்பி ஊர் இருக்கிறது.

கே: ஆண்களுக்கு வருமா? நண்பனுக்காகக் கேட்கிறேன்.
– வாசகர், கரூர்

ப: நண்பனிடம் சொல்லுங்கள்: நூறு நோயாளிகளில் ஒருவர் ஆண். குடும்பத்தில் பி.ஆர்.சி.ஏ.2 இருந்தால் வாய்ப்பு இன்னும் கூடும். மார்பில் கட்டி தட்டுப்பட்டால் இந்தக் கடிதம் எழுதிய நேரத்தில் டாக்டரிடம் போயிருக்கலாம்.

கே: எச்சில் துப்பி அனுப்பினால் ஜீன் பார்த்துச் சொல்லும் கம்பெனி இருக்கிறதாமே?
– வாசகர், நியூ ஜெர்சி

ப: '23 அண்ட் மீ'. 2018-ல் முதலில் அனுமதி கிடைத்தது மூன்றே மூன்று மாற்றங்களுக்கு, மூன்றும் அஷ்கனாசி யூதர்களிடம் அதிகம் காணப்படுபவை. பட்டியல் பிறகு நீண்டது, ஆனாலும் முழுமை இல்லை. பி.ஆர்.சி.ஏ. ஜீன்களில் அறியப்பட்ட மாற்றங்கள் ஆயிரத்துக்கு மேல். யூதர் அல்லாத உங்களுக்கு அந்த மூன்றுக்கு வரும் 'இல்லை' ஏறக்குறைய ஒன்றுமே சொல்லாது.

கே: எனக்கு 44. அக்காவுக்கு 39-ல் வந்து, சிகிச்சை முடிந்து நன்றாக இருக்கிறார். நான் எங்கிருந்து தொடங்க? ஜீன் டெஸ்ட் எடுத்துவிடட்டுமா?
– வாசகி, ராஜபாளையம்

ப: நீங்கள் எடுக்க வேண்டாம், இப்போதைக்கு. முதலில் எடுக்க வேண்டியவர் அக்கா. நோய் வந்தவரிடம் தேடினால்தான் கோளாறு எது என்று கிடைக்கும். கிடைத்தால் உங்களிடம் அந்த ஒரே இடத்தைப் பார்த்தால் போதும்; செலவும் குறைவு, பதிலும் ஆம் இல்லை என்று தெளிவாக வரும்.

அதற்கு முன் ஒரு தாள் எடுத்து இரண்டு பக்கத்து உறவையும் எழுதுங்கள்: யாருக்கு, எந்தப் புற்று, எந்த வயதில். சினைப்பை, கணையம், ஆண்களின் புராஸ்டேட் எல்லாம் சேர்த்து. மூன்றும் இதே ஜீன்களின் வேலையாக இருக்கலாம். அந்தத் தாளோடு புற்றுநோய் மருத்துவரைப் பாருங்கள், மேமோகிராமை இந்த மாதமே எடுங்கள். தம்பி இருந்தால் அவரையும் கூட்டிப் போங்கள். அவருக்கு ஒரு மகள் இருந்தால், அவளுடைய அத்தைகள் நீங்கள் இருவரும்தான்.